முட்டைக் காவல்

தொட்டிக்குள் கையை விட்டதுமே கிரீன்லிங் பாய்ந்து வந்து கார்னெட்டின் கட்டைவிரலைக் கடித்தது. போன மாதம் வரை அதே கையிலிருந்து இறால் துண்டு வாங்கித் தின்ற மீன். தோல் கிழியவில்லை, மனசுதான் கொஞ்சம் கிழிந்தது. "நான்தான்டா, அடையாளம் தெரியலையா?" என்றான். மீன் அவனை மதிக்கவில்லை. கறுத்த உடம்பில் நீலப் பொட்டுகள் மின்ன மூலையில் கிடந்த கல்லுக்குத் திரும்பிப் போய், நெஞ்சுத் துடுப்பால் விசிற ஆரம்பித்தது. இரண்டு ரொட்டிப் பாக்கெட்டைச் சேர்த்து வைத்த அளவுக் கல். அதன் மேல் பாறையில் ஒட்டி வளர்ந்து செத்துப்போன பெரிய கொட்டலசுச் சிப்பிகளின் வெற்றுக்கூடுகள் கிண்ணம் கிண்ணமாக ஒட்டியிருந்தன. அவற்றில் மூன்று கிண்ணம் நிறைய முட்டை. ஊறிய ஜவ்வரிசியை நீலச் சாயத்தில் முக்கி அடைத்து வைத்தது போல இருந்தது. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கரும்புள்ளிகள் தெரியத் தொடங்கியிருந்தன. கண்கள் வந்துவிட்டன.

முட்டைக்குக் கண் வந்தது யாருக்கானாலும் சந்தோஷமான செய்திதான். கார்னெட் நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்தான். விடிந்தால் விடுவிப்பு ஞாயிறு. மார்ச் மாதம் வளைகுடாவிலிருந்து எடுத்து வந்து காட்சிக்கு வைத்த உயிர்களையெல்லாம் நவம்பர் கடைசி ஞாயிறன்று ஊரே கூடி வாளியில் தூக்கிப்போய்க் கடலில் விட்டுவிடும். எது எங்கே கிடைத்ததோ அங்கேயே விட வேண்டும் என்பது சட்டம். அன்று மாலை தொட்டிகளுக்குக் கடல்நீர் ஏற்றும் பம்பை நிறுத்தி, கடலுக்குள் நீண்டிருக்கும் குழாயைக் கரையேற்றி, படகுத்துறை ஓரத்தில் மீன்காட்சி நடக்கும் அந்தத் தகரக் கொட்டகையைப் பூட்டிச் சாவியை மாட்டிவிடுவார்கள். பிறகு மார்ச் வரைக்கும் அங்கே புயலுக்கு மட்டும்தான் வேலை.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. மனைவி நோரீனின் வண்டி. அந்த இரும்பு இருமல் அவனுக்கு நன்றாகத் தெரியும். உள்நாட்டு ஊரான பிரின்ஸ் ஜார்ஜிலிருந்து மலையெல்லாம் இறங்கி, கப்பலேறித் தீவுக்கு வந்து, மறுபடி ஒரு மலை ஏறி இறங்கி வந்திருக்கிறாள். செப்டம்பரில் மகளைப் பள்ளியில் சேர்க்க அவள் முன்னால் போனபோது, "அக்டோபர்ல வந்துடறேன்" என்று சொன்னவன் கார்னெட். அக்டோபரில் நவம்பர் என்றான். அவளுக்கு அங்கே மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் நிரந்தர வேலை. அவனுக்கும் அவளுடைய அண்ணன் மர ஆலையில் ஒரு வேலை பேசி வைத்திருந்தான். இந்த ஊரில் வீட்டைக் காலி செய்ய இதுதான் கடைசி மாதம். போக வேண்டியதுதான் என்று கார்னெட்டுக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தைத் தள்ளிப்போடுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கதவைத் திறந்தான். நோரீன் நின்றிருந்தாள். அவள் பின்னால் ஹேஸல். ஆறு வயது. "ஏய் வாத்துக்குட்டி!" என்று அவன் குனிந்ததும், குழந்தை அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தது. அப்புறம் அம்மா முகத்தைப் பார்த்தது. போகலாமா என்று அனுமதி கேட்கிற பார்வை. நோரீன் தலையசைத்த பிறகுதான் வந்தது. மூன்று மாதம் தொலைபேசியில் கேட்ட குரலுக்கு இந்த உயரம் இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அதைப் பற்றியும் யாரும் அவனிடம் சொல்லவில்லை. அல்லது சொல்லியிருப்பார்கள், அவன் அப்போது எதற்காவது இரை வெட்டிக்கொண்டிருந்திருப்பான்.

"சாமான் கட்டிட்டியா?" என்றாள் நோரீன்.

"பாதி."

"பாதின்னா?"

"அடுப்படியில ஒரு பெட்டி."

அவள் சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

பதினெட்டு வருஷம், கடலடியில் முள் உருண்டையாக ஒட்டிக் கிடக்கும் கடல் முள்ளெலி பறிக்க மூழ்கியவன் கார்னெட். அந்தக் காலத்தில் மீன் என்பது கண்ணாடிக்கு முன்னால் குறுக்கே போகிற தொந்தரவு, அவ்வளவுதான். காது ஜவ்வு கெட்டு ஆழத்துக்குப் போகக்கூடாது என்றான பிறகு இந்தக் கொட்டகைக்கு வந்தான். வந்த முதல் வருஷமே கிறுக்குப் பிடித்துவிட்டது. கோடையில் வருகிற வெளியூர்க்காரர்கள், "கலர் மீனெல்லாம் சூடான கடல்லதான் இருக்கும், இங்க சாம்பல் மீன்தானே" என்று சொல்லிக்கொண்டு நுழைவார்கள். அவர்களை முதல் தொட்டிக்கே கூட்டிப்போவான். கோல்ஃப் பந்து அளவில், வயிற்றில் ஒட்டுவட்டத்தோடு கண்ணாடியில் அப்பிக்கொண்டு முழிக்கும் உருண்டை மீன். நீந்தப் பிடிக்காமல் துடுப்பின் நுனியால் நடந்து போகும் பன்றிமூஞ்சி மீன். கடற்புல்லோடு புல்லாக நிமிர்ந்து நிற்கும் ஊசி மீன். கிழவன் மாதிரி முகத்தோடு குகை வாசலில் உட்கார்ந்து, சம்சாரத்தை உள்ளே வைத்துக்கொண்டு, வருகிறவர்களை முறைக்கும் ஓநாய் விலாங்கு. செம்புப் பாறைமீன், கறுப்புப் பாறைமீன், புலிக்கோட்டுப் பாறைமீன், இவற்றில் சில அவனைவிட வயதானவை. மண்ணில் படுத்துக்கொண்டு இரண்டு கண்ணையும் ஒரே பக்கம் வைத்திருக்கும் தட்டைமீன்கள். ஒரு கூப்பிடு தூரத்துக் குளிர்ந்த தண்ணீருக்குள் இத்தனை விதமாக வாழ முடியுமா என்று அவனுக்கு ஒவ்வொரு காலையும் புதிதாகத் திகைப்பாக இருக்கும். ஒன்றுக்கு நகர்ந்தால்தான் உயிர், இன்னொன்றுக்கு நகராமல் இருந்தால்தான் உயிர். அவனுக்கு இரண்டாவது வகையோடுதான் ஒத்துப்போகும்.

கிரீன்லிங் கதை அவன் செய்த கோளாறு. ஆணுக்கு நீலப் பொட்டு, பெண்ணுக்கு வெளிறிய உடம்பில் துருப் பொட்டு. பார்க்கிறவர்கள் இரண்டும் வேறு வேறு மீன் என்றே நினைப்பார்கள். கோடை முடிந்தால் இரண்டையும் ஒரே தொட்டியில் வைக்கக் கூடாது, ஒன்றையாவது கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். கொட்டகையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கார்னெட்டுக்கும் தெரியும். ஆனால் அந்தச் சோடி அவன் கையைக் கண்டதும் மேலே வரும். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமே என்று வைத்துக்கொண்டான். அந்த ஒரு வாரம் அக்டோபர் வரை நீண்டது. பெண் முட்டையிட்டது. இட்ட கையோடு தன் வேலை முடிந்தது என்று எதிர்மூலைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து ஆண் அந்தக் கல்லை விட்டு நகரவில்லை, தின்னவில்லை. நண்டு வந்தால் விரட்டியது. முட்டையிட்டவளே பசியோடு கிட்டே வந்தபோது அவளையும் விரட்டியது. அவளைக் கார்னெட் வேறு தொட்டிக்கு மாற்றினான்.

கொட்டகையை நடத்தும் சங்கத்தின் தலைவர் கென் மோரி வந்து எட்டிப் பார்த்தார். சொந்தப் படகில் சால்மன் பிடித்து ஓய்ந்தவர். வாய் மட்டும் இன்னும் ஓயாதவர்.

"என்னடா, பிரசவ ஆஸ்பத்திரி எப்படிப் போகுது?"

"தலைவரே, கண்ணு வந்துடுச்சு. இன்னும் மூணு வாரம் பம்பு ஓடினா பொரிஞ்சிடும்."

"மூணு வாரத்துல டிசம்பர் பாதி. போன தடவை ஒருத்தன் இப்படித்தான் கெஞ்சினான், பாவம்னு விட்டேன். புயல்ல குழாய் பிச்சிக்கிட்டு ஜப்பானுக்கே போயிடுச்சு, எங்க தாத்தா ஊருக்கு. நான் இன்னும் வாங்கிக் கட்டிக்கிறேன்."

"நானே இருந்து பாத்துக்கறேன்."

கென் நோரீனைப் பார்த்தார். நோரீன் தொட்டியைப் பார்த்தாள். "ஐயோ, எனக்கு அடுப்புல சூப்பு இருக்கு" என்று கென் நழுவிவிட்டார். இருக்கிற இடத்தைவிட இல்லாத இடம் நல்லது என்று தெரிந்த மனிதர்.

ஹேஸல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "இதோட அம்மா எங்க?" என்றாள். "அடுத்த தொட்டில" என்றான் கார்னெட். "அப்ப அப்பாதான் பாத்துக்குதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உருண்டை மீனைப் பார்க்க ஓடிவிட்டாள்.

"மூணே வாரம், நோரீன்" என்றான் கார்னெட் மெதுவாக. "நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க. கென் வீட்டுல படுத்துக்குவேன். முட்டை பொரிஞ்ச அன்னிக்கே பஸ் ஏறிடறேன். என் தப்பாலதான் அது இங்க முட்டை வெச்சிருக்கு. அம்போன்னு விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

நோரீன் தொட்டிக்குக் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். மீன் விசிறிக்கொண்டிருந்தது. அவளும் ஒரு காலத்தில் இந்தக் கடலில் வேலை பார்த்தவள்தான். அவன் முள்ளெலி பறிக்கக் கீழே போகும்போது மேலே படகில் அவன் இடுப்புக் கயிற்றைப் பிடிக்கிறவள் அவள். காதல் வந்ததே அந்தக் கயிற்றில்தான் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

"அந்த மீன் சாப்பிடாம தூங்காம அதோட பிள்ளைங்க கிட்ட நிக்குது" என்றாள். "நீ மீன் கிட்ட நிக்கிற. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்காத, கார்னெட்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் அவனும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான். அடுத்த அறையில் ஹேஸல் யாரிடமோ, "எங்க வீடு இப்ப ரொம்ப தூரம், அங்க ஆறு இருக்கு, கடல் இல்ல" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெட்கமாக இருந்தது அவனுக்கு. அதைவிடப் பயமாக இருந்தது. கடல் இல்லாத ஊரில், மரத்தூளுக்கு நடுவில், தான் யாராக இருப்போம் என்று அவனுக்குத் தெரியவில்லை. இதை அவளிடம் இதுவரை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இத்தனை வாரம் பொய் சொல்லியிருக்க வேண்டாம்.

"அங்க நான் என்ன பண்ணுவேன்?" என்றான் கடைசியில்.

"தெரியல. எனக்கும் அங்க ஒண்ணும் பிடிபடல. அதுக்குத்தானே ஆளைக் கூப்பிடறேன்" என்றாள் நோரீன். பிறகு அந்தக் கல்லைக் காட்டினாள். "இதை அப்படியே தூக்க முடியாதா?"

"தூக்கலாம். அது இருந்த பாறையிலயே கொண்டுபோய் வைக்கலாம். ஆனா ஆம்பளை மீன் கடலைப் பாத்ததும் ஓடிடும். பயத்துல ஓடினா திரும்ப வருமான்னு சொல்ல முடியாது. காவல் இல்லேன்னா ஒரு மணி நேரம் தாங்காது. மத்த மீனுங்க காலி பண்ணிடும்."

"வந்தாலும் வரும்ல?"

"வந்தாலும் வரும்."

"அப்ப கயித்தை நான் பிடிக்கிறேன்" என்றாள்.

மறுநாள் மழை தூறினாலும் ஊர் முழுக்க வந்துவிட்டது. கரையோர மீன்களை வாளி வாளியாக இறக்கினார்கள். ஹேஸல் இரண்டு கையாலும் வாளியைப் பிடித்துக்கொண்டு, ஒரு தட்டைமீனை முழங்கால் தண்ணீரில் சாய்த்தாள். அது தரையைத் தொட்டதும் மணலாகவே மாறிவிட்டது. "எங்க போச்சு? எங்க போச்சு?" என்று அவள் கத்த, பக்கத்தில் நின்ற பெரியவர்களும் குனிந்து தேடினார்கள். கென் எல்லோருக்கும் சூப்பு ஊற்றிக்கொண்டே, "உப்புக் குறைச்சலா இருந்தா பக்கத்துலயே கடல் இருக்கு" என்றார்.

துறைமுக வாயிலில் இருக்கும் பாறைத்திட்டு மீன்களைப் படகில்தான் கொண்டுபோக வேண்டும். கார்னெட் அவற்றை முதலில் விட்டான். கோட்டு பெர்ச்சுகள் ஒரு கூட்டம், செம்புப் பாறைமீன் இரண்டு, முள் தலையோடு இரண்டு ஸ்கல்பின், அந்தப் பெண் கிரீன்லிங். எட்டு மாதம் ஊட்டி வளர்த்தவை. ஒன்றாவது திரும்பிப் பார்க்கும் என்று ஒவ்வொரு வருஷமும் எதிர்பார்ப்பான். ஒன்றும் திரும்பாது. கடைசியில் படகில் இருந்த பெரிய தொட்டியில் கல்லும், கல்லின் மேல் ஒட்டிக்கொண்டது போல அந்த ஆண் மீனும் மிச்சம். கென் படகை நிறுத்திப் பிடித்துக்கொண்டார். ஹேஸல் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நோரீன் கயிற்றை அவன் இடுப்பில் கட்டி, முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"ஞாபகம் இருக்குல்ல? ஒரு இழுப்பு, நல்லா இருக்கியா. ரெண்டு, கயிறு விடு. மூணு, மேல வா."

"மறக்குமா?"

"உன்னை நம்ப முடியாது."

"காது வலிச்சா உடனே வந்துடு" என்றார் கென். "ஆழம் ஒண்ணும் இல்லதான். ஆனாலும் உனக்கு இருக்கறது ஒரே ஒரு நல்ல காது. சம்சாரம் பேசறதைக் கேக்க அது வேணும்."

கல்லை மூடியிட்ட கூடைக்குள் வைத்து, மீனையும் அதற்குள்ளேயே விட்டு, கல் ஆடாமல் இறக்கினார்கள். முதுகில் காற்றுக் குடுவையோடு கார்னெட்டும் கூடவே இறங்கினான். குளிர் முகத்தில் அறைந்தது. கீழே பச்சை மங்கல். கடற்பாசித் தண்டுகள் குளிர்கால இலையுதிர்வில் பாதி மொட்டையாகி ஆடிக்கொண்டிருந்தன. பாறையின் இடுக்கு அவனுக்குப் பழக்கமானது. மார்ச்சில் இந்த மீனை எடுத்ததே அங்கேதான். கல்லை இடுக்கில் சொருகி, அசையாதபடி இன்னொரு கல்லால் அண்டக்கொடுத்தான். அதுவரை மீன் கூடவே இருந்தது. கூடையை விலக்கியதும், நீலப் பொட்டுகள் ஒரு கோடாக இழுபட்டது போல இருந்தது. மீன் போய்விட்டது.

எதிர்பார்த்ததுதான். கல்லின் பக்கத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்தான். வந்துவிடும், கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

மற்றவை வந்தன. முதலில் கோட்டு பெர்ச் ஒன்று, பிறகு நான்கு. ஆரஞ்சில் நீலக்கோடு போட்ட அழகுப் பிசாசுகள். காலையில் இவன் கையாலேயே விட்டவை. ஒன்று சட்டென்று இறங்கி ஒரு கொத்துக் கொத்திக்கொண்டு போனது. கையுறையால் விரட்டினான். மறுபக்கம் இன்னொன்று. கீழேயிருந்து ஸ்கல்பின் பாறையோடு பாறையாக ஊர்ந்து வந்தது. அதைத் தள்ளிவிட்டான். துருப் பொட்டுக்காரியும் தூரத்தில் வந்து நின்றாள், அந்த முட்டைகளை இட்டவள். எல்லோருக்கும் பசி. ஒருவர்மேலும் குற்றம் சொல்ல முடியாது. அவர்களுடைய கடல், அவர்களுடைய சாப்பாடு. ஆனாலும் கார்னெட் இரண்டு கையையும் கல்லின் மேல் கூடாரம் போல விரித்துக்கொண்டான். முட்டைகளுக்குள்ளிருந்து அத்தனை கண்களும் அவனையே பார்ப்பது போல இருந்தது.

கயிறு ஒரு முறை இழுபட்டது. நல்லா இருக்கியா. ஒரு முறை இழுத்துப் பதில் சொன்னான்.

குடுவையின் காற்றளவு காட்டும் முள் இறங்கிக்கொண்டே வந்தது. விரல்கள் மரத்துவிட்டன. மூச்சு விடும்போதெல்லாம் குமிழிகள் பெரிய இரைச்சலோடு மேலே போயின. பெர்ச்சுகள் அதற்குள் பழகிவிட்டன. அவற்றுக்கு அவன் வெறும் சோளக்கொல்லைப் பொம்மை. திரும்பவும் கயிறு. திரும்பவும் பதில்.

அப்போதுதான் பார்த்தான். பாசித் தண்டுகளுக்கு நடுவில், கை எட்டாத தூரத்தில், தலை இந்தப் பக்கம் பார்த்தபடி அது நின்றுகொண்டிருந்தது. எங்கேயும் ஓடவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறதோ. ஓர் அடி முன்னால் வந்தது. கார்னெட் மூச்சு விட்டான், குமிழி இரைந்தது, மீன் ஓர் அடி பின்னால் போனது. மூச்சை அடக்கிப் பார்த்தான். முன்னால் வந்தது. அடக்கியே இருக்க முடியுமா? விட்டான். பின்னால் போனது.

அவனுக்கு விளங்கியது. பெர்ச்சுக்கோ ஸ்கல்பினுக்கோ பயந்து அது ஒதுங்கி நிற்கவில்லை. அவற்றையெல்லாம் அது ஒரு பாய்ச்சலில் விரட்டிவிடும். கல்லின் மேல் கையை விரித்துக்கொண்டு, இரைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் இந்தப் பெரிய கறுப்பு மிருகத்தைத்தான் அதனால் விரட்ட முடியவில்லை.

கயிறு இழுபட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

அவன் உடனே எழவில்லை. கையை எடுத்தால் பெர்ச்சுகள் இறங்கும், அது நிச்சயம். மீன் அதற்குள் வந்து சேருமா என்பது நிச்சயமில்லை. இன்னும் ஒரு நிமிஷம் என்று மனசு வழக்கம் போல ஆரம்பித்தது. அந்தக் குரலை அவனுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வாரமாக அதற்குத்தான் சோறு போட்டு வளர்த்திருக்கிறான். முட்டைகளை ஒரு முறை பார்த்தான். "வந்துடுவான்" என்று வாய்க்குழாய்க்குள்ளேயே சொன்னான். வெறும் குமிழிதான் வந்தது. கையை எடுத்தான். கயிற்றைப் பிடித்து மூன்று முறை இழுத்தான்.

கயிறு விறைத்தது. பாறையை விட்டு அவன் மேலெழுந்தான். கீழே பெர்ச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகுப்புறக் கல்லை நோக்கி இறங்கின. பாசித் தண்டுகள் அசைந்தன. கறுப்பாக ஒன்று அவற்றின் நடுவிலிருந்து கிளம்பியது போலவும் இருந்தது, தண்டின் நிழல் போலவும் இருந்தது. பச்சை மங்கல் எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. மேலே படகின் அடிவயிறு இருட்டாகத் தெரிந்தது. இடுப்பில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தது. நீண்டு, நிதானமாக வரும் ஓர் இழுப்பு. அது அவனுக்குப் பழகிய கை. அதற்கு நடுநடுவே தாளம் தப்பி, அவசர அவசரமாக, தன் பலம் முழுவதையும் போட்டு இன்னொரு சின்னக் கை அவனை இழுத்துக்கொண்டிருந்தது.